ஓசூர்ப் பக்கத்துச் சிறு ஆலைக்கு ஆள் எடுப்பதும் நிலைக்க வைப்பதும்

ஓசூர் சிப்காட்டில் எந்த டீக்கடையில் நின்றாலும் "ஆள் கிடைப்பதில்லை" என்ற பேச்சு காதில் விழும். அதே காலை நேரத்தில் அஞ்செட்டியிலும் பென்னாகரத்திலும் இளைஞர்கள் பெங்களூரு கட்டட வேலைக்குப் பஸ் ஏறிக்கொண்டிருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் தோள்பையோடு ரயில் நிலையத்தில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஆள் இருக்கிறது. நம் ஆலைக்கு அவர்கள் வர வழி இருக்கிறதா, வந்தால் தங்க முடியுமா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

நான் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் பல ஆண்டுகளாகப் பணியாளர் பிரிவைப் பார்த்து வருகிறேன். தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரே வரிசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒடியாவும் கேட்கும். முப்பது முதல் இருநூறு பேர் வரை வைத்து ஆலை நடத்துபவர்களை, ஆள் எடுப்பதற்கென்று தனி அலுவலகம் வைக்க முடியாதவர்களை நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாள்

விளம்பரம் எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் தொழிலாளியின் ஒரு நாளை, அவர் கண் விழிப்பதிலிருந்து படுப்பது வரை, அதில் எழுதுங்கள். கெலமங்கலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் முப்பது வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்? பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு யார் தலை வாருவார்கள்? முதல் பஸ் எத்தனை மணிக்கு, அது நம் கேட்டுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்? 2021 மே மாதத்திலிருந்து தமிழகத்தில் பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் கட்டணமின்றிப் போகலாம். விரைவுப் பஸ்ஸில் முடியாது. அந்தச் சாதாரணப் பஸ் உங்கள் ஷிப்ட் நேரத்துக்கு வந்து சேர்கிறதா என்று நீங்களே ஒருநாள் அதில் ஏறிப் பாருங்கள்.

ஆறு மணி ஷிப்டை ஆறரைக்குத் தள்ளினால் போதும், ஒரு முழுப் பஸ் பாதையே நமக்குத் திறந்துவிடும் என்பது பல நேரம் இந்தத் தாளில்தான் தெரியவரும். ஷிப்ட் நேரத்தை மாற்றவே முடியாது என்று உற்பத்திப் பிரிவினர் சொல்வார்கள். எந்த வாடிக்கையாளர் எந்த மணிக்கு லாரி கேட்கிறார் என்று விவரம் கேளுங்கள். பெரும்பாலும் மாற்ற முடியும்.

இதே தாளை வேறு மூவருக்கும் எழுதுங்கள்: ஒடிசாவிலிருந்து வந்து வாடகை அறையில் ஆறு பேரோடு தங்கியிருக்கும் இளைஞர், ஐடிஐ முடித்த காது கேளாத பையன், ரம்சான் நோன்பிருக்கும் கிருஷ்ணகிரிப் பெரியவர். நான்கு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் ஆலை யாருக்காக அமைக்கப்பட்டிருக்கிறது, யாரை அறியாமலே வெளியே நிறுத்துகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

எங்கே தேடுவது

நம் பக்கத்தில் ஆள் எடுக்கும் வழக்கமான முறை, சூப்பர்வைசரிடம் சொல்வதுதான். அவர் தன் ஊரிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவருவார். சுலபம்தான். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே ஊர், பெரும்பாலும் ஒரே சாதி. அந்த ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு லைன் முழுக்க நின்றுபோகும். சூப்பர்வைசர் வேலையை விட்டால் பத்துப் பேரும் பின்னாலேயே போவார்கள். அந்த லைனில் வேறு ஊர்க்காரர் ஒருவரைப் போட்டால் ஒரு வாரம் தாங்கமாட்டார். தெரிந்தவர் சிபாரிசு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு லைனில் பாதிக்கு மேல் ஒருவர் கூட்டிவந்தவர்களாக இருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வழிகள் பல. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்கு ஒரு மேசை போட்டு உட்காருங்கள். தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்தில் காலியிடத்தைப் பதிவதற்குக் கட்டணம் இல்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அரசு ஐடிஐ முதல்வர்களிடம் தேர்வு முடிவதற்கு முன்பே பேசுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வேலை தேடுவோர் பட்டியல் கேளுங்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலை ஊர்களுக்கு நேரில் போவது வீண் என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து பிள்ளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போகிறார்கள் என்றால் ஓசூருக்கும் வருவார்கள், தங்க இடமிருந்தால்.

அறிவிப்புத் தாளைத் தமிழில் மட்டும் அடிக்காதீர்கள். தளி, வேப்பனப்பள்ளி, பாகலூர்ப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் படிப்பவர்கள் பலர். கையில் வரும் சம்பளம், பிடித்தம், ஷிப்ட் நேரம், பஸ் வசதி, சாப்பாடு, யாரை எந்த நேரத்தில் பார்க்க வேண்டும் ஆகியவை அதில் இருந்தால் போதும். "கவர்ச்சியான சம்பளம்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. "ஆண்கள் மட்டும்" என்று எழுதவே கூடாது. ஒரே மாதிரி வேலைக்கு ஆள் எடுப்பதிலும் சம்பளத்திலும் பாலினப் பாகுபாடு கூடாது என்பது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையிலும் இருக்கிறது. "எடை தூக்க வேண்டும்" என்ற காரணம் வந்தால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். ஒரு தள்ளுவண்டி வாங்கினால் தீரும் விஷயத்துக்காக ஊரில் பாதிப் பேரை நாம் விலக்கி வைத்திருக்கிறோம். 2021இல் போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையிலும் பெண்கள்தான் பெருமளவு. பெரிய ஆலைகள் விடுதி கட்டிப் பெண்களை அழைக்கும் காலத்தில் சிறு ஆலைகள் மட்டும் பழைய அறிவிப்பையே ஒட்டிக்கொண்டிருந்தால் யார் வருவார்கள்?

ஆள் கொண்டுவரும் ஏஜெண்டுகள் தொழிலாளியிடம் பணம் வாங்குகிறார்களா என்பதை, சேர்ந்த பிறகு தொழிலாளியிடமே தனியாகக் கேளுங்கள். கடனோடு உள்ளே வருபவர் மனம் வேலையில் நிற்காது. வாங்குவது தெரிந்தால் அந்த ஏஜெண்டை அன்றே நிறுத்துங்கள்.

நேர்முகத்தில் கேட்பதும் கேட்கக் கூடாததும்

பேசத் தெரிந்தவர் எல்லாம் வேலை தெரிந்தவர் அல்லர். மலையூரிலிருந்து முதல்முறை வரும் பெண் உங்கள் மேசைக்கு முன் உட்கார்ந்து தலை நிமிரமாட்டார். அவரிடம் "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்டு என்ன பயன்? இருபது பாகங்களைக் கையில் கொடுத்து, அதில் குறையுள்ளவற்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். காலிபர் வைத்து அளக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். எல்லா விண்ணப்பதாரருக்கும் அதே இருபது பாகம், அதே நேரம், அதே மதிப்பெண் தாள். இருவர் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். மொழி தெரியாதவர், திக்குபவர், கூச்சப்படுபவர் எல்லோரும் இதில்தான் சமமாக நிற்கிறார்கள்.

ஊர் எது என்று கேட்கலாம், பஸ்ஸுக்காக. "ஊரில் எந்தத் தெரு, எந்தப் பக்கம்?" என்று கேட்டால் அது சாதியைக் கேட்பது. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். குலதெய்வம் எது, அப்பா பெயர் என்ன தொழில் என்ன என்று சுற்றி வளைத்துக் கேட்பதும் அதுவேதான். நம் மாவட்டங்களில் இந்தக் கேள்வி பழக்கத்தில் வாயில் வந்துவிடுகிறது. கேட்கக் கூடாதவற்றை எழுதி நேர்முக மேசையிலேயே ஒட்டி வையுங்கள். கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்ற கேள்விகளையும் அதே பட்டியலில் சேருங்கள்.

பெண்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அம்மாவோ கணவரோ மாமியாரோ கேட்டுக்கு வெளியே நின்றிருப்பார். அவரை வெயிலில் நிறுத்தாதீர்கள். உள்ளே அழைத்து, டீ கொடுத்து, மகள் நிற்கப்போகும் இயந்திரத்தையும் கழிப்பறையையும் சாப்பாட்டு இடத்தையும் காட்டுங்கள். ஒரு தாய் என்னிடம் கேட்டார்:

"அம்மா, ராத்திரி பஸ் வராவிட்டால் என் மகள் எங்கே நிற்பாள்?"

"கேட்டுக்கு உள்ளேயே உட்காரலாம் அம்மா. வேன் வரும்வரை செக்யூரிட்டி வெளியே விடமாட்டார். என் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், எந்த நேரமும் அழைக்கலாம்."

அந்தப் பதிலை நீங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும். இரவு ஷிப்டுக்குப் பெண்களிடம் அவர்களே விரும்பித் தரும் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அதோடு வீட்டு வாசல் வரை வண்டியும் தேவை. முக்கியச் சாலையில் இறக்கிவிட்டுப் போவதை வண்டி வசதி என்று சொல்ல முடியாது.

வயதுக்கு ஆதாரை நம்பாதீர்கள். பிறந்த தேதிச் சான்றாக ஆதாரை ஏற்பதை வருங்கால வைப்பு நிதி அமைப்பே 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டது. பள்ளி மாற்றுச் சான்றிதழோ பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ பாருங்கள். நம் மலைப்பகுதிகளில் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி வந்தால் திருப்பி அனுப்புவதோடு நின்றுவிடாமல் பக்கத்து ஐடிஐக்கு வழி காட்டுங்கள். இன்னொன்று: மூலச் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டுவது இங்கே பல இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு அப்போதே கையில் திருப்பிக் கொடுங்கள். சான்றிதழைப் பிடித்து வைத்து நிறுத்தப்பட்டவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகும் நாளை எண்ணிக்கொண்டுதான் வேலை செய்வார்.

முதல் இரண்டு வாரம்

விட்டுப்போகிறவர்களில் பலர் முதல் சம்பளத்துக்கு முன்பே போகிறார்கள். ஆகவே முதல் நாள் காலையிலேயே நியமனக் கடிதம் கொடுங்கள். இப்போது அது எல்லாத் தொழிலாளருக்கும் கட்டாயம். அவருடைய மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், வைப்பு நிதிக்கு 12 சதவீதம் பிடிப்பது ஏன், அந்தப் பணம் எங்கே போகிறது, நம் பங்கு எவ்வளவு என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். காட்டாவிட்டால் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று அறையில் பேச்சு கிளம்பும். குடும்பம் ஒடிசாவில் இருந்தாலும் இஎஸ்ஐயில் பெயர் சேர்த்து அங்குள்ள மருந்தகத்தைக் குறிக்கலாம். இதைச் செய்து கொடுத்த பிறகு தொழிலாளியின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

துணைக்கு ஒருவரை நியமியுங்கள். அவர் சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. அதே வேலையைச் செய்பவராக, முடிந்தால் வேறு ஊர்க்காரராக இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் புதியவரைத் தனியாக உட்காரவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதற்கு ஒரு சிறு படியும் கொடுங்கள். பாதுகாப்புப் பலகைகளைப் படமாக வரையுங்கள். அவசரத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல ஒரே சொல், ஒரே கைச்சைகை என்று ஆலை முழுக்கப் பழக்குங்கள். ஒடிசாக்காரர் எல்லோருக்கும் இந்தி நன்றாக வரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

சூப்பர்வைசர்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டுமுறை படியுங்கள். வேலையை விட்டவர்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய சூப்பர்வைசர் பெயரை எழுதுங்கள். ஓராண்டுக் கணக்கைப் போட்டால் இரண்டு மூன்று பெயர்களே திரும்பத் திரும்ப வரும். சம்பளம் ஒன்று, பஸ் ஒன்று, கேண்டீன் ஒன்று. ஒருவரிடமிருந்து மட்டும் ஆட்கள் ஓடுகிறார்கள் என்றால் காரணம் அவருடைய பேச்சு.

"ஏய் இந்திக்காரா", "டேய் மலையாண்டி", "ஊமை", "அந்தக் காலனிப் பையன்". ஆலைக்குள் இந்த அழைப்புகள் ஒருநாளும் இருக்கக் கூடாது. தமிழ்ப் பெண்களை "வாடி, போடி" என்பதும் அப்படியே. எல்லோரையும் பெயர் சொல்லி, "வாங்க, போங்க" என்று அழைப்பது எங்கள் ஆலையில் எழுதப்பட்ட விதி. ஒடியாப் பெயர் வாயில் நுழையவில்லை என்றால் பழகும்வரை அவரிடமே கேட்டுச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர்ப் பானைக்குத் தனி டம்ளர், சாப்பாட்டுக்குத் தனி மேசை என்று எங்காவது தலைகாட்டினால் மேலாளரே அன்று அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு அதைச் செய்தவரிடம் தனியாகப் பேசுங்கள். மறுமுறை செய்தால் ஒழுங்கு நடவடிக்கை. இதில் தயவு காட்டினால் யாருக்குத் தயவு காட்டுகிறோம் என்று கீழே நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நல்ல இயந்திரக்காரரை ஒரே நாளில் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டு அவர் ஆளை நடத்தத் தெரியாதவர் என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. கோபம் வரும்போது என்ன செய்வது, மொழி தெரியாதவருக்கு வேலையை எப்படிச் செய்து காட்டுவது, தவறை நாலு பேர் முன்னால் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று அவருக்குக் கற்றுக்கொடுங்கள். சூப்பர்வைசரின் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை, அவர் லைனில் ஆறு மாதம் தாண்டி நிற்பவர்களின் எண்ணிக்கையோடு இணைத்துவிடுங்கள். எங்கள் ஆலையில் எதைவிடவும் அதிகம் பலன் தந்தது அந்த ஒரு மாற்றம்தான்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மூத்த பெண் பணியாளர் தலைமையில், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சுவரில் பெயர்ப் பலகை மாட்டினால் போதாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் துப்புரவு வேலை செய்யும் அம்மாவுக்கும் அந்தக் குழு உண்டு என்று அவரவர் மொழியில் சொல்லியிருக்க வேண்டும்.

வெளிமாநிலத்தவர்

அறையைப் போய்ப் பாருங்கள். வாடகை நீங்கள் தராவிட்டாலும் பாருங்கள். எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, ஷிப்ட் மாறித் தூங்குபவருக்கு இருட்டான மூலை இருக்கிறதா, தண்ணீர் லாரி எப்போது வருகிறது என்று கேளுங்கள். கேண்டீனில் தினமும் சாம்பார் போட்டால் வாரக் கடைசியில் பாதித் தட்டு குப்பைக்குப் போகும். கடுகெண்ணெயில் ஓர் உருளைக்கிழங்குப் பொரியல், வாரத்தில் இரண்டு நாள் ரொட்டி என்று சேர்த்தாலே போதும். நம் தருமபுரி ஆட்களுக்கு ஒருநாள் களியும் கீரைக் குழம்பும் வையுங்கள். முதலில் தீர்வது அதுதான். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழகம் 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த ஊர் ரேஷன் அட்டையை வைத்தே இங்குள்ள கடையில் வெளிமாநிலத்தவர் தானியம் வாங்கலாம். பலருக்கு இது தெரியாது, சில கடைக்காரர்களுக்கும் தெரியாது. முதல்முறை கூடவே ஒருவரை அனுப்புங்கள்.

விடுமுறைப் பட்டியலைத் தீபாவளி, பொங்கலோடு முடிக்காதீர்கள். பீகார் மக்களுக்குத் தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சத் பூஜை பெரிது. மேற்கு ஒடிசாவுக்கு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் வரும் நுவாகாய். ஓசூர்ப் பக்கத் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு உகாதி. எல்லோருக்கும் எல்லா நாளும் விடுமுறை தர முடியாது. ஆனால் ஒவ்வொருவரும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தனக்கான சில நாட்களைத் தேர்ந்தெடுக்கச் செய்யலாம். யார் எப்போது போவார் என்பது நமக்கும் முன்பே தெரிந்துவிடும். ரம்சான் மாதத்தில் மாலை இடைவேளையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு நகர்த்துவதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஊருக்குப் போனவர் திரும்ப வருவாரா என்ற கவலையை டிக்கெட்டால் தீர்க்கலாம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாட்களாக இருந்தது. பெங்களூரு விசுவேசுவரய்யா முனையத்திலிருந்து போகும் ரயில்களில் திருவிழாக் காலத்தில் இடம் கிடைப்பது அரிது. முன்பதிவு திறக்கும் நாள் காலையில் நம் அலுவலகத்திலிருந்தே போக, வர இரண்டு டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை ஊர் போய்வரும் செலவைத் தருவது சட்டப்படியே உங்கள் கடமை.

வதந்தி வரும் நாளுக்கும் தயாராக இருங்கள். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழகத்தில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. தாய்மார்கள் ஊரிலிருந்து அழுதுகொண்டே அழைத்தார்கள். எங்கள் ஆலையில் ஒடியா பேசும் மூத்த தொழிலாளி ஒருவரைப் பேசச் சொன்னோம். ஒவ்வொருவரும் வீட்டுக்குக் காணொளி அழைப்புப் போட்டு லைனையும் அறையையும் தெருவையும் காட்டட்டும் என்று வேலை நேரத்திலேயே இடம் கொடுத்தோம். போக விரும்பியவர்களைத் தடுக்கவில்லை; சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்து, பஸ் நிலையம் வரை வண்டியில் விட்டோம். போனவர்களில் பலர் திரும்பினார்கள்.

மாற்றுத்திறனாளிகள்

காது கேளாதவரைச் சத்தமான பிரஸ் பக்கம் போடலாம், அவருக்குத்தான் கேட்காதே என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. மிச்சமிருக்கும் கேள்திறனும் அந்தச் சத்தத்தில் போகும். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வருவதும் தெரியாது. சைரனோடு சுழலும் சிவப்பு விளக்கு, முனைகளில் குவிகண்ணாடி, லைனில் நான்கு பேருக்காவது அடிப்படைச் சைகை மொழி இருந்தால் ஆய்வுப் பிரிவிலும் அசெம்பிளியிலும் அவர்கள் எல்லோரையும் போல வேலை செய்வார்கள். ஒருவரை மட்டும் எடுக்காமல் இருவராக எடுங்கள். பேச்சுக்கு ஆளில்லாமல் எட்டு மணி நேரம் யாரால் இருக்க முடியும்? 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். எழுத உட்கார்ந்தாலே படிக்கட்டும் கழிப்பறைக் கதவும் கண்ணில் படத் தொடங்கிவிடும்.

போகும்போது

யார் விட்டுப்போனாலும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வதும் அதுதான். வைப்பு நிதியில் விலகிய தேதியை அன்றே பதியுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை பணம் எடுக்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஏன் போகிறார் என்று கேட்பவர் அவருடைய சூப்பர்வைசராக இருக்கக் கூடாது. கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியிலோ ஜிகணியிலோ ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறது என்றால் வாழ்த்தி அனுப்புங்கள். வேறு காரணம் சொன்னால் அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணையும் சொந்த ஊரையும் தெரிந்த வேலையையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஆர்டர் கூடும்போது, ஏஜெண்டை அழைப்பதற்கு முன் அந்த நோட்டில் இருக்கும் எண்களை அழையுங்கள். திரும்பி வருபவரின் பழைய பணிக்காலத்தைச் சேர்த்தே சம்பளம் நிர்ணயம் செய்யுங்கள்.